மூன்றில் ஒரு பங்கு லுங்கி

ஒரு இளஞ்சிவப்புப் பட்டையைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வேலைக்கு அனுப்ப என் சுயவிவரத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். இந்த ஆபீஸ் மென்பொருள் முறையாக வாங்கியதல்ல என்று அந்தப் பட்டை திரையின் உச்சியில் எப்போதும்போல் சொல்லிக்கொண்டிருந்தது. கணினியைப் பொருத்திக் கொடுத்தவர் “எல்லாமே போட்டுக் குடுத்துட்டேனுங்க” என்று சொல்லி ஏற்றிவிட்டுப் போனது. வருடக்கணக்காக வீட்டில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. நானும்தான். ஆனால் முந்தின நாள் சேலத்தில் ஒரு கல்லூரியில், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்காக நடந்த முகாமுக்குப் போய், கடைசியில் மேடையேறிப் பேசியும் வந்திருந்தேன். ஸ்டிக்கர்கள் இன்னும் பையில் இருந்தன, பேச்சு இன்னும் தலையில் இருந்தது. நேர்மையானவள் என்று சுயவிவரத்தில் எழுதுகிறேன், எழுதுவது திருட்டு மென்பொருளில்! சுருக்கென்றது. அப்போதே முடிவு செய்தேன். இதைத் தூக்கி எறிந்துவிட்டு இந்த வீட்டுக்கு ஒரு நல்ல ஆபீஸை நானே தேர்ந்தெடுப்பேன்.

இந்த வீடு என்பது குமாரபாளையத்தில் விசைத்தறிக் கொட்டகையை ஒட்டிய வீடு. கணினி இருக்கும் அறைக்கும் கொட்டகைக்கும் ஒரே சுவர். தறி ஓடும்போது மேசை நடுங்கும், மவுஸைப் பிடித்த கையும் சேர்ந்து நடுங்கும். கரண்ட் போனால்தான் எங்கள் வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் காதில் விழும். அப்பாவும் அண்ணனும் தறி ஓட்டுவது கூலிக்கு. நூலை வேறொருவர் கொடுப்பார், கட்டம் போட்ட லுங்கிக்கு எந்த நிறம் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதையும் அவரே கொடுப்பார். நெய்து கொடுப்பது மட்டும் நாங்கள்.

தேர்வை நான் ஏனோதானோவென்று செய்யவில்லை. அதுதான் இன்னும் கேவலம். போட்டியில் மூன்று இருந்தன. வருடச் சந்தா கட்டி வைத்துக்கொள்வது ஒன்று. இணையத்திலேயே இயங்குவது இன்னொன்று. முகாமில் புகழ்ந்த இலவச ஆபீஸ் மூன்றாவது. மூன்றிலும் ஒரே கடிதத்தைத் திறந்து தமிழ் எழுத்து உடைகிறதா என்று பார்த்தேன். ஒரே பில்லை அச்சடித்து வரிசையாகச் சுவரில் ஒட்டினேன். வீட்டில் எல்லோரிடமும் கருத்துக் கேட்டேன்.

“பில்லுல என்னென்ன வேணும்ப்பா உங்களுக்கு?”

“தேதி வரோணும், வரி வரோணும், பேரு தப்பில்லாம வரோணும். வேறென்ன சாமி?” என்றார் அப்பா. சந்தாவைச் சொன்னதும் நிமிர்ந்தார். “வருசா வருசம் கட்டோணுமா? அப்ப அது நம்முளுதே இல்லியே.”

“அதேதானுங்கப்பா!” என்று குதித்தேன்.

அண்ணன் தனக்கு வாட்ஸ்அப் போதும் என்றான். அம்மா எட்டிப் பார்த்து, “எதோ ஒண்ணப் போடு, அந்தப் பொட்டி மட்டும் இப்படி இரையாம இருந்தாச் சரி” என்றார். கணினியின் மின்விசிறிக்குள் பஞ்சு அடைத்திருந்ததற்கு ஆபீஸ் என்ன செய்யும்? ஆனாலும் அதையும் குறித்துக்கொண்டேன்.

கேட்காமல் விட்டது அண்ணியை மட்டும். அந்தக் கணினியை எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பயன்படுத்துபவர் அவர்தான்.

மறந்துபோய் விட்டதல்ல. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன். அண்ணி எக்செல்லில் கணக்குப் போடுவதில்லை, லுங்கி வரைவார். அதில் ஒரு நெடுவரிசை என்றால் ஒரு பாவு நூல், நீளவாக்கில் ஓடுவது. ஒரு கிடைவரிசை என்றால் ஒரு ஊடை நூல், குறுக்கே ஓடுவது. நெடுவரிசைகளை நூல்போல ஒடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நிறம் ஊற்றி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் முழு லுங்கியையும் திரையில் கொண்டுவருவார். பிறகு பத்து விழுக்காட்டுக்குச் சிறிதாக்குவார். அப்போது கட்டங்கள் கரைந்து துணி தெரியும்.

“ஏனுங்க அண்ணி, டிசைன் திரும்பத் திரும்பத்தான வரும்? ஒரு சாணுக்கு வரைஞ்சாப் போதாதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இது திரும்ப வராது அம்மிணி. இந்தக் கரையில நெருக்கமா ஆரம்பிச்சு அந்தக் கரைக்குப் போகப் போகக் கட்டம் அகண்டுட்டே போகும். கட்டுனா ஒரு பக்கம் மழை பேஞ்சு ஒரு பக்கம் வெயிலடிக்கற மாதிரி இருக்கோணும்.”

அவர் பி.காம் படித்தவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: “எத்தன நாளைக்கு அடுத்தவீங்க கட்டத்தையே ஓட்டறது?” ஈரோட்டில் ஒரு வியாபாரி ஓணத்துக்குக் கேரளா அனுப்பப் புது டிசைன் தேடிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்காக அண்ணி மாதக்கணக்கில் உட்கார்ந்து எட்டு லுங்கி கொண்ட ஒரு செட் வரைந்து வைத்திருந்தார். பிடித்துவிட்டால் எங்கள் தறியில் முதன்முதலாக எங்கள் வீட்டுக் கட்டம் ஓடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்தேன் என்பதைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் செய்தேன். அண்ணி துணி காயப்போட எழுந்து போயிருந்த நேரத்தில், முழு லுங்கியும் விரிந்திருந்த திரையைப் போனில் படம் எடுத்து, முகாமில் சேர்ந்த நண்பர்களின் குழுவில் போட்டேன். “எங்க வீட்டில் எக்செல்தான் தறி. கணக்குப் போடும் சாமானைக் காப்பாற்ற யாராவது வாருங்கள்” என்று எழுதினேன். சிரிப்புப் பொம்மைகள் மளமளவென்று வந்து விழுந்தன. ஒருவன் “பாவம் எக்செல்” என்றான். இன்னொருத்தி “உங்க அண்ணிக்கு ஒரு கலர் பென்சில் டப்பா வாங்கிக் கொடு” என்றாள். அதற்கு நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இலவச ஆபீஸ் வென்றது. அதன் புதிய பதிப்பு எங்கள் பழைய கணினியில் மூச்சு வாங்கியதால், தேடிப் பிடித்துச் சில வருடப் பழைய பதிப்பு ஒன்றை ஏற்றினேன். பறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அண்ணி வாசலில் வந்து நின்றார். “அம்மிணி, என்ற பைலெல்லாம் இதுல வருமா?”

“எல்லாமே வருமுங்க அண்ணி. முன்னைக்கு இப்ப இன்னும் நல்லாவே வரும்.”

சோதிக்காமலும் சொல்லவில்லை. அவருடைய கோப்பு ஒன்றை முன்பே திறந்து பார்த்திருந்தேன். ஏதோ ஒரு அறிவிப்பு ஆங்கிலத்தில் எழுந்தது. பாதி படிக்கும்போதே “சரி”யை அழுத்தினேன். நிறங்கள் அப்படியே வந்திருந்தன. கட்டங்கள் இருந்தன. போதும் என்று தோன்றியது. வலப்பக்கம் நகர்த்திப் பார்க்கவில்லை. எல்லாக் கோப்புகளையும் ஒரே கட்டளையில் புது ஆபீஸின் வடிவத்துக்கு மாற்றினேன். கட்டளை ஓடும் கறுப்புச் சன்னலில் வரிகள் மேலேறி ஓடின. என்ன சொல்கின்றன என்று பார்க்கவில்லை, அவை ஓடும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வடிவமும் கிடந்தால் வீட்டில் எல்லோரும் குழம்புவார்கள் என்று பழையவற்றை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். கிடைத்த இடத்தில் முகாமில் வாங்கிவந்த பாட வீடியோக்களை நிரப்பினேன். அன்று மதியம் கோழிக்குழம்பை இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டது நினைவிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அண்ணி கூப்பிட்டார். குரலில் பதற்றம் இல்லை.

“அம்மிணி, சித்தெ இங்க வா. இதுல அந்தப் பக்கத்துக் கரை எங்க?”

“வலப்பக்கம் தள்ளுங்க அண்ணி.”

“தள்ளியாச்சு. இதுக்கு அக்கட்டால போகமாட்டேங்குது.”

நானும் தள்ளினேன். நெருக்கமான நீலக் கட்டங்கள் ஓடிவந்து, ஆயிரத்துச் சொச்சமாவது நூலில் சட்டென்று நின்றன. அதற்கப்பால் வெறும் சாம்பல் நிறம். அங்கே தாளே இல்லை. அடுத்த கோப்பைத் திறந்தேன், அதே இடத்தில் நின்றது. அதற்கடுத்ததும். ஒரு லுங்கிக்கு ஏறக்குறைய மூவாயிரம் பாவு நூல். மழை பெய்யும் பக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. வெயிலடிக்கும் பக்கம் ஒன்றிலும் இல்லை.

“பழைய பைல் இருக்குதுல்ல?” என்றார்.

“அழிச்சுட்டனுங்க அண்ணி” என்று சொல்வதற்குப் பதிலாக, “பாக்கறனுங்க” என்றேன். அழிந்த கோப்புகளை மீட்கும் நிரல் ஒன்றை இறக்கி ஓட விட்டேன். கிடைத்தவை உடைந்திருந்தன. அவை இருந்த இடத்தில் நான் நிரப்பிய வீடியோக்கள் உட்கார்ந்திருந்தன. கடைசியில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அண்ணி மவுஸை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் விஷயம் தெரிந்து அண்ணன் சொன்னான்: “லுங்கியப் போட்டாத் துண்டு வருதா? நல்ல சாப்ட்வேருதான். துண்டாவே வித்துப்போடலாம்.” எனக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை விழுங்குவதற்குள் அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

பிற்பகலில் கணினியிலேயே அந்த நண்பர் குழுவைத் திறந்து உதவி கேட்டேன். அண்ணி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பதில் உடனே வந்தது. அந்தப் பழைய பதிப்பில் அவ்வளவு நெடுவரிசைதான் கொள்ளும், புதிய பதிப்பில் அதைப்போலப் பல மடங்கு கொள்ளும், மூலக்கோப்பு இருந்தால் ஒன்றும் போகாது, எங்கே மூலக்கோப்பு? ஒருவன் கூடவே எழுதினான்: “மேலே போட்டாயே ஒரு படம், அந்தக் கோப்பா?”

நான் திரையை மூடுவதற்குள் அண்ணி மவுஸை வாங்கி மேலே நகர்த்தினார். படம் வந்தது. அதன் கீழே நான் எழுதியது வந்தது. “பாவம் எக்செல்” வந்தது. கலர் பென்சில் வந்தது. அதற்கு நான் போட்ட சிரிப்புப் பொம்மையும் வந்தது. அவர் ஒவ்வொன்றையும் அவசரமில்லாமல் படித்தார். சுவருக்கு அப்பால் தறி ஓடிக்கொண்டிருந்தது. மேசை நடுங்கியது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் வாசலுக்குப் போக வேண்டுமென்றால் அவர் நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“இந்தப் படத்துல முழுசா இருக்குதே” என்றார். “பெருசு பண்ணு.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“ரெண்டு கரையும் தெரியுது பாரு. உன்ற போன்ல இன்னும் தெளிவா இருக்குமில்ல?”

இருந்தது. நான் கேலிக்கு எடுத்த அந்த ஒரே படத்தில்தான் ஒரு லுங்கி முழுதாகத் தப்பியிருந்தது. மற்ற ஏழுக்கும் அப்படி ஒரு படம் இல்லை. அவற்றையும் கேலி செய்திருந்தால் தப்பியிருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

புதிய பதிப்பை ஏற்றினேன். அது மூச்சு வாங்கினால் வாங்கட்டும். போனில் படத்தைப் பெரிதாக்கி நான் நிறங்களை வரிசையாகச் சொல்லச் சொல்ல அண்ணி வரைந்தார். நூலை எண்ணும் அளவுக்குப் படம் தெளிவாக இல்லை. சில இடங்களில் அவர் நினைவிலிருந்து போட்டார், சில இடங்களில் போட்டதைக் கலைத்தார். “ஆரஞ்சுங்க” என்றால், “ஆரஞ்சு இல்ல, செங்கல்லு. கண்ணத் தொடச்சுட்டுப் பாரு” என்பார். பழைய மாதிரி சிறிதாக்கிப் பார்க்கப் போனார். இருபது விழுக்காட்டோடு நின்றுவிட்டது.

“இதுக்கும் மேல சிறுசாகாதா?”

“ஆகாதுங்க அண்ணி. இதுல அவ்வளவுதான்.”

எழுந்தார். பின்னாலேயே நடந்து போய் வாசற்படியில் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். மறுபடி வந்து உட்கார்ந்து ஒரு நிறத்தை மாற்றினார். மறுபடி வாசலுக்குப் போனார். மூன்று ஆபீஸையும் ஒப்பிட்டு நான் போட்ட அளவுகோல்களில் இப்படி ஒன்று இல்லவே இல்லை. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். ஒரே ஒரு கேள்வி. அம்மாவின் மின்விசிறிக்குக்கூடக் காது கொடுத்தவள் நான்.

வெள்ளிக்கிழமை வியாபாரி வந்தார். எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு லுங்கியின் அச்சு. நாலைந்து தாளை ஒட்டி ஒரு லுங்கி அகலத்துக்கு ஆக்கியிருந்தோம். அவர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பியும் பார்த்தார்.

“நல்லாத்தானுங்க இருக்குது. மத்ததெல்லாம்?”

“செட்டாத்தான் போட்டிருந்தேனுங்க” என்றார் அண்ணி. “கம்ப்யூட்டரு ரிப்பேராகிப் போச்சுங்க.”

நான் தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. கணினி ரிப்பேராகவில்லை. அந்த வீட்டில் ரிப்பேராகாமல் இருந்தது அது ஒன்றுதான். “இல்லீங்க, நான்தான் அழிச்சேன், கொஞ்சம் நாள் குடுங்க, வரைஞ்சு தந்துருவாங்க” என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. மேடையேறி நூறு பேருக்கு மென்பொருள் சுதந்திரம் பேசிய வாய்தான். திறக்கவில்லை. வியாபாரி தாளைச் சுருட்டாமல் அப்படியே மேசைமேல் வைத்தார்.

“ஒண்ணே ஒண்ண வெச்சு நானென்னுங்க பண்றது? கடக்காரன் செட்டாத்தான் கேப்பான். ஓணத்துக்கு வேற ஆளுகளுது முடிச்சுக்கறேன். பொங்கல் சமயத்துல பாக்கலாமுங்க.”

“ஆகட்டுமுங்க” என்றார் அண்ணி. நான் செம்பை நீட்டினேன். வியாபாரி வாங்கிக் குடித்துவிட்டு, “புள்ள என்ன படிச்சிருக்குது?” என்று கேட்டார். “கம்ப்யூட்டருதானுங்க” என்றார் அப்பா, பெருமையாக.

இப்போது ஓணத்துக்கான சரக்கு தறியில் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு யாருடைய கட்டமோ, பச்சையும் மஞ்சளும்.

குழுவில் போட்ட அந்தப் படத்தை அழித்துவிடலாம் என்று அன்றே நினைத்தேன். அதையும் அழிப்பதா என்று கை நின்றது. படத்தின் கீழே, இது என் அண்ணி வரைந்த லுங்கி, இதில் சிரிக்க ஒன்றும் இல்லை, சிரித்தது என் தப்பு என்று எழுதினேன். இருவர் கட்டை விரல் காட்டினார்கள். கலர் பென்சில் சொன்னவள் பேச்சைக் காணோம். எழுதியதால் என் நெஞ்சு ஒன்றும் லேசாகவில்லை. அண்ணியிடம் காட்டினேன். “ம்” என்றார். “அந்தக் குழுவுல இருக்கற உங்காளுகெல்லாம் பெரிய ஆளுகளா?” என்று மட்டும் கேட்டார்.

எந்த ஆபீஸ் என்பதை இப்போது அவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சந்தா ஆபீஸை ஒரு மாத இலவசச் சோதனைக்கு ஏற்றச் சொன்னார். இலவச ஆபீஸும் பக்கத்தில் இருக்கிறது. இணைய ஆபீஸை ஒரே முற்பகலில் தள்ளிவிட்டார். மூவாயிரம் நெடுவரிசையை இழுத்து வருவதற்குள் அதற்குப் பொழுது போய்விடுகிறது, நடுவில் கரண்ட் போய் வந்தால் மோடம் எழும்வரை வேறு காத்திருக்க வேண்டும். மற்ற இரண்டிலும் அதே லுங்கியைக் கரையிலிருந்து கரை வரைக்கும் வரைந்து பார்க்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மவுஸைத் தொடக்கூடாது, கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் நாள் பாதி நேரம் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஏழில் ஒன்று நினைவிலிருந்தே திரும்பி வந்திருக்கிறது. இன்னொன்று பாதியில் நிற்கிறது. பொங்கல் வரை காத்திருக்க அண்ணிக்குப் பொறுமை இல்லை. அதையும் முடித்து, படத்திலிருந்து வரைந்ததோடு சேர்த்து மூன்றையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்கே போய் வியாபாரியைப் பார்க்கப்போகிறார்.

“நானும் வரட்டுங்களா அண்ணி?”

நெடுவரிசை ஒன்றுக்கு நிறம் ஊற்றிவிட்டுச் சொன்னார்: “வா. ஆனா அங்க போயி மொதப் பேச்சு நீ பேசோணும்.”

“என்னன்னுங்க பேசறது?”

“என்ன நடந்துச்சோ அதத்தான். அன்னைக்கு ரிப்பேருன்னு நாஞ் சொன்னேன்ல, அத நீ போயித் திருத்து. ஒழுங்கா வேலை தெரியாத ஊடுன்னு அந்தாளு நெனச்சுட்டிருப்பாரு.”

சரி என்றேன். அன்றிலிருந்து கொட்டகைப் பக்கம் போய், தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காத இடமாகப் பார்த்து நின்று, பேசிப் பழகுகிறேன். வாயைத் திறந்தால் “அந்தப் பழைய பதிப்புல நெடுவரிசைக்கு ஒரு வரம்பு இருக்குதுங்க” என்றுதான் வருகிறது. வியாபாரிக்கு அந்த வரம்பு எதற்கு? நிறுத்துகிறேன். மறுபடி தொடங்குகிறேன். “நான்தானுங்க அழிச்சேன். அவங்ககிட்டக் கேக்காம அழிச்சேன்.” ஞாயிற்றுக்கிழமை பவானிப் பாலம் தாண்டுவதற்குள் இதை ஒரு தடவையாவது தடுமாறாமல் சொல்லிப் பார்த்துவிட வேண்டும்.